கீப்பரின் விரலைப் பற்றி நான் சொன்னது

கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் கையுறை மாட்டுவதற்கு முன் விரல்களுக்கு டேப் சுற்ற வேண்டும். அதைத் தானே செய்துகொள்வது சிரமம். ஒரு கையால் இன்னொரு கைக்குச் சுற்றினால் ஒன்று தளர்ந்துபோகும், இல்லையென்றால் ரத்தம் ஓடாமல் விரல் நீலமாகும். பிசியோவுக்குப் பந்துவீச்சாளர்களின் தோளையும் முதுகையும் பார்க்கவே நேரம் போதாது. அதனால் எங்கள் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. அன்றைக்கு ஆடாத கீப்பர், ஆடுகிற கீப்பருக்குச் சுற்றிவிடுவான். இரண்டு வருடமாக ஆடாத கீப்பர் நான்தான்.

அது கோவையில் ஒரு பம்ப் கம்பெனி சம்பளம் கொடுத்து நடத்திய அணி. எனக்கு வயது முப்பத்தொன்று. துடியலூரிலிருந்து தினமும் பைக்கில் மைதானத்துக்குப் போவேன், பயிற்சி செய்வேன், மேட்ச் அன்று தண்ணீர் பாட்டில் தூக்குவேன். ஆடுகிற கீப்பர் காங்கேயத்துக்காரன், என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அவன் கை பந்தை வாங்குகிற விதமே வேறு. சத்தமே வராது. எனக்குப் பொறாமையா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். பொறாமைதான்.

எங்கள் கேப்டன் பெரிய குடும்பத்துப் பையன். தோட்டம், ஃபவுண்டரி எல்லாம் உண்டு. யாரையும் வாடா போடா என்று கூப்பிட்டதில்லை. டிரெஸ்ஸிங் ரூமில் ஏசிக்கு நேர் கீழே நாலு நாற்காலி. ஒன்று அவருடையது, மற்ற மூன்றில் யார் உட்காரலாம் என்பதையும் அவரே முடிவு செய்வார். அதை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். "வாங்க, உக்காருங்க" என்று ஒருவரிடம் சொன்னால் அந்த நாற்காலியில் இருப்பவர் தானாக எழுந்துவிடுவார். நாங்கள் அதை ஒழுக்கம் என்று சொல்லிக்கொண்டோம்.

ஒரு மேட்சில் ஸ்லிப்பில் நின்ற கேப்டன், தரையில் பட்ட பந்தைப் பிடித்துவிட்டு அவுட் கேட்டார். அம்பயருக்குச் சந்தேகம். பக்கத்தில் நின்ற கீப்பரிடம் கேட்டார். "தரையில பட்டுச்சுங்க" என்றான் காங்கேயத்துக்காரன். அந்த பேட்ஸ்மேன் நின்று ஆடினார், நாங்கள் தோற்றோம்.

அறைக்குள் வந்ததும் கேப்டன் கத்தவில்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டே, "நம்ம தம்பி ரொம்ப நல்லவருங்க" என்றார். அவ்வளவுதான். ஏசிக்குக் கீழே இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் அவன் பை பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் கிடந்தது. சாப்பாட்டு மேஜையில் அவன் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவருக்கு உடனே போன் வரும். "ஏனுங்க நல்லவரே, அந்த ஸ்பிரே கொஞ்சம் குடுங்க" என்பார்கள். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் என்ன மரியாதையான பையன்கள் என்று மெச்சிக்கொண்டு போவார்கள். ஆள் முகத்தில் காறித் துப்பியிருந்தால்கூட இதைவிடச் சுத்தமாக இருந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து, பயிற்சியில் வேகப்பந்து ஒன்று தாழ்ந்து வந்து அவன் இடது கை மோதிர விரலில் அடித்தது. மறுநாள் மேட்சுக்கு டேப் சுற்றும்போது பார்த்தேன். நடுக் கணு வீங்கி, தோல் பளபளத்தது. லேசாகத் தொட்டதற்கே பல்லைக் கடித்தான்.

"பிசியோகிட்டச் சொல்லலியா தம்பி?"

"சொன்னா ஒக்கார வெச்சுருவாங்கண்ணா. வர்ற சனிக்கிழமை செலக்டருங்க வாராங்க. அந்த ஒரு மேட்ச ஆடிப்போட்டா போதுங்ணா."

எனக்கும் விவரம் தெரியும். இருபத்து மூன்று வயதுக்குட்பட்டோருக்கான மாநில அணி. அவனுக்கு அதுதான் கடைசி வருடம். பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் அவன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததே அந்தச் சனிக்கிழமைக்காகத்தான்.

"நான் எதுக்குத் தம்பி சொல்றேன்? நீ தைரியமா ஆடு" என்றேன். விரலுக்கு இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றினேன். அன்றைக்கு மனதாரத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமை பயிற்சி முடிந்து அறைக்குள் போனபோது கேப்டன் என்னைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றார். ஒருவர் எழுந்தார். நான் போய் ஏசிக்குக் கீழே உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, நீங்களும் எத்தன நாளைக்குத்தான் தண்ணி பாட்டல் தூக்கிட்டே இருப்பீங்க? எனக்கே பாக்கறதுக்குச் சங்கட்டமா இருக்குதுங்க" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. விரலைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது. அதைத்தான் நான் யாரிடமும் மாற்றிச் சொல்ல முடியாது. என்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் தூண்டிவிடவில்லை. ஒரு நாற்காலியும் கொஞ்சம் குளிர்ந்த காற்றும் போதுமானதாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை 'வட்டம்'. தோல்விகள் கூடியதும், அணிக்குள் ஒற்றுமை வளரட்டும் என்று கம்பெனி பெங்களூரிலிருந்து ஒருவரை வரவழைக்க ஆரம்பித்திருந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு தடவை, இன்னொருவரைப் பற்றி மனதில் இருப்பதைச் சொல்லலாம். 'உங்க நல்லதுக்குச் சொல்றேன்' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது. கேட்கிறவர் பதிலே பேசக் கூடாது, நன்றி மட்டும் சொல்ல வேண்டும். வேறு ஊரில் இது எப்படி நடக்குமோ தெரியாது. கோபத்தைக்கூட மரியாதைக்குள் பொதிந்து கொடுக்கப் பழகிய எங்களிடம் கத்தியைத் தீட்டிக் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

என் முறை வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"தம்பி, உங்க நல்லதுக்குச் சொல்றேன். வெரல் நாளுக்கு நாள் வீங்கீட்டே போகுது. அத வெச்சுட்டு ஆடறது உங்களுக்கும் நல்லதில்ல, டீமுக்கும் நல்லதில்லைங்க."

குரலில் எவ்வளவு அக்கறை! அந்தக் குரல் இப்போதும் என் காதில் கேட்கிறது, கேட்கும்போதெல்லாம் வாயைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது. அவன் என்னைப் பார்த்தான். கையை மடியில் மறைத்துக்கொண்டான். பிறகு விதிப்படி, "நன்றிங்கண்ணா" என்றான்.

கோச் நல்ல மனிதர். அவனைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காதவர் அவர் ஒருவர்தான். ஆனால் பதினைந்து பேர் காதில் விழுந்த பிறகு அவரால் என்ன செய்ய முடியும்? மதியமே எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் விரிசல். விரலுக்குக் கட்டுப் போட்டு, சீசன் முடிகிறவரை ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை நான் ஆடினேன். வயது தாண்டிய என்னைத் தேர்ந்தெடுக்க அந்தச் செலக்டர்களால் முடியாது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தேன். ஒரு ஸ்டம்பிங்கைத் தவறவிட்டேன். வந்த இருவரில் ஒருவர், காங்கேயத்துக்காரன் ஆடவில்லை என்று தெரிந்ததும் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவன் கட்டுப்போட்ட கையோடு எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான்.

அடுத்த வட்டத்தில் பெங்களூர்க்காரர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். சங்கடமான உண்மையை அன்போடு சொல்வதுதான் டீம் கல்ச்சர், அதற்கு இவர் உதாரணம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். கேப்டன் எல்லோரையும்விட நிதானமாக, நீண்ட நேரம் தட்டினார்.

சீசனின் கடைசி நாள், அவன் சாமான்களை எடுத்துப் போக அவன் அப்பா வந்திருந்தார். காங்கேயத்தில் எண்ணெய் ஆலை ஒன்றில் களத்து வேலை. தேங்காய்ப் பருப்பை வெயிலில் காயப்போட்டுப் புரட்டுகிற வேலை. மைதானத்துக் கேட்டில் கை காட்டி என் பைக்கை நிறுத்தினார்.

"ஏனுங் தம்பி, எம்பையன் வெரலப் பத்தி எடுத்துச் சொன்னது நீங்கதானுங்களா?"

அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது.

"இன்னொரு அடி பட்டிருந்தா வெரலு மடங்காமயே போயிருக்கும்னு டாக்டரு சொல்லிப்போட்டாருங்க. இவன் எங்ககிட்டக்கூட மறச்சுட்டான். இத்தன பேர்ல நீங்க ஒருத்தருதான் அக்கறையாச் சொல்லியிருக்கறீங்க. பையன்தான் சொன்னானுங்க."

அவன் பின்னால் பையோடு நின்றிருந்தான். உண்மையிலேயே அப்படி நம்பினானா, அப்பாவின் மனம் ஆறட்டும் என்று சொன்னானா, எனக்குத் தெரியாது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் குனிந்து, காலடியில் வைத்திருந்த ஐந்து லிட்டர் கேனைத் தூக்கினார். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. வாயைத் திறந்தேன்.

"அதுக்கென்னுங்க, நம்ம தம்பிதானுங்களே" என்றேன். சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் கேனை வாங்கிக்கொண்டேன்.