சிவபாதம் அண்ணையின் மூன்றாவது முடிவு

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவபாதம் அண்ணை இறந்த செய்தி வந்தபோது, நான் வவுனியாவில் ஒரு கலியாண மண்டபத்தில் கையில் பியர்க் கிளாஸோடு, அவரே மெட்டுப் போட்ட போதை ஒழிப்புப் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் என் ஆட்டம் எப்படி இருக்கும் என்று என் மனைவியிடம் கேட்டுவிடாதீர்கள். தொலைபேசியில் அண்ணையின் மகன் ரூபன், "மாமா, அப்பா மோசம் போயிட்டார். நெஞ்சு நோகுது எண்டு கதிரையிலை இருந்தவர்" என்றான். மண்டபத்து ஒலிபெருக்கியில் அண்ணையின் ஓர்கன் அதிர்ந்துகொண்டேயிருந்தது. கிளாஸை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

நெடுங்கேணிப் பக்கத்துத் திருவிழாக்களில் அவருடைய ஓர்கனைக் கேட்காதவர்கள் உங்களில் இருக்க மாட்டார்கள். அவருடைய கொப்பியைப் பார்த்தவர்கள் குறைவு. தான் வாசிக்கும் பாட்டில் போதை வந்தால், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று குறித்து வைப்பார். ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் அதை விரித்தார்.

"முந்தின பாட்டுகளிலை கஞ்சா அடிச்சவன் பகிடிக்காரன், தம்பி. சட்டம் இறுக இறுக அவன் சண்டியன் ஆயிட்டான். பிடிக்க ஆக்கள் வந்தாத்தானே ஓடுறவன் வீரன்?"

"அப்ப விழிப்புணர்வுப் பாட்டு?"

"அதிலை ரெண்டே முடிவு. ஒண்டில் சாவு, இல்லாட்டி மறியல், கம்பிக்குப் பின்னாலை. ஒருத்தனும் திருந்தி வந்து வீட்டிலை சோறு தின்னேல்லை. ஏனெண்டு யோசிச்சனியோ?"

நான் யோசிக்கவில்லை, வடை தின்றுகொண்டிருந்தேன். அவர் விடமாட்டார். ஒரு பொலிஸ்காரரையே மறித்து, "ஐயா, நீங்கள் பிடிச்ச எல்லாருமோ செத்துப் போச்சினம்?" என்று கேட்டிருக்கிறார். "இல்லை, ஒருத்தர் என்ரை மச்சான். இப்ப கோழி வளக்கிறார்" என்றாராம் அந்த மனிதர். அதுவும் கொப்பியில் ஏறியது.

இந்தக் கேள்வி அவரை ஏன் அரித்தது என்பது ஊருக்கே தெரியும். ரூபன் ஐஸ் போதை பழகி, புனர்வாழ்வு நிலையத்தில் இருந்துவிட்டுத் திரும்பி, உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்தான். ஊர் அவனோடு நன்றாகத்தான் கதைத்தது. பிள்ளைகளை மட்டும் அவனுடைய மெசினில் ஏற விடவில்லை.

போன வருடம் எங்கள் ஊர்க் கழகம் போதை ஒழிப்புப் பாட்டுப் போட்டி வைத்தது. செயலாளர் வேறு யார், நான்தான். அண்ணை ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வந்தார். கடைசி அடியில் பொடியன் வீட்டுக்கு வருகிறான். தாய், "கை கழுவிப்போட்டு வா" என்கிறாள். அவ்வளவுதான்.

"அண்ணை, விதிமுறைப்படி இது சரிவராது. அழிவைக் காட்ட வேணும். கடைசியிலை மறியலுக்கு அனுப்புங்கோ."

"என்ரை வாயாலையோ? ரூபன் முன்னுக்கு இருப்பான், தம்பி."

"விதிமுறை அண்ணை. நான் என்ன செய்ய?"

மாற்றி எழுதித் தந்தார். மேடையில் கடைசி அடி வந்தபோது வாயை மூடிக்கொண்டு மெட்டை மட்டும் வாசித்தார். முன்வரிசையில் ரூபன் தலை குனியாமல் இருந்தான். பாட்டு முழுமையில்லை என்று புள்ளி குறைத்தோம். முதல் பரிசு, நாயகன் மறியலுக்குள்ளேயே செத்துப்போகும் பாட்டுக்குப் போனது. இரண்டு முடிவும் ஒரே பாட்டில் கிடைத்தால் எந்த நடுவர்தான் விடுவார்?

"ஏன் அண்ணை பாடேல்லை?" என்று பிறகு கேட்டேன்.

"பாடினனான். உனக்குத்தான் கேக்கேல்லை."

அண்ணையின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று பந்தி வைத்தபோது, முற்றத்தில் நின்ற ரூபனைப் பார்த்து அவனுடைய தாய், "கை கழுவிப்போட்டு வா" என்றார். அப்போதுதான் எனக்குக் கேட்டது. சாப்பாடு முடிய ரூபன் கொப்பியை என்னிடம் தந்தான். அந்தக் கொப்பியும், விடை இல்லாத அந்தக் கேள்வியும், பாடாத அந்த அடியும் இனி என்னோடு இருக்கும்.

கொப்பியின் நடுவே எங்கள் போட்டியின் விதிமுறைத் தாள் மடித்துக் கிடந்தது. செயலாளராகிய நான் அதை அன்றுதான் முழுவதும் வாசித்தேன். ஒன்றரைப் பக்கம். பாட்டு எப்படி முடிய வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.