ஃபேனா, தண்ணியா?

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு மாதம் முழுக்க ஒரே பேச்சுதான். அண்ணனின் கம்ப்யூட்டரை ஃபேன் வைத்துக் குளிரவைப்பதா, தண்ணீர் ஓடவிட்டுக் குளிரவைப்பதா? அத்தை மகளின் கல்யாணத்தைக்கூட இதைவிடக் குறைந்த பேச்சில் முடித்துவிட்டார்கள்.

அண்ணன் அப்போது ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் போய்ப் படித்துக்கொண்டிருந்தான். விளையாடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி அவனே பூட்டியிருந்தான். அதன் உள்ளே, மெல்லிய தகடுகளை நெருக்கி அடுக்கிய ஒரு கனமான குளிர்விப்பான். அதை ஒட்டி ஒரு ஃபேன். தகடுகளுக்கு நடுவே காற்று புகுந்து சூட்டைக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

அந்தக் கம்ப்யூட்டரை அண்ணனுக்கு அடுத்து அதிகம் விரும்பியவர் அப்பா. லாரி டிரைவர் ஆக ஆசைப்பட்டவர், பதினெட்டு வயதில் தோல் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார். பனி கொட்டும் ஏதோ வெளிநாட்டுச் சாலையில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை அண்ணன் அவருக்குப் போட்டுக் கொடுத்தான். வேலை முடிந்து வந்ததும் கால்கூடக் கழுவாமல் நேராக அதன் முன் உட்காருவார். தினம் அரை மணி நேரம். எதிரே ஈ காக்கா இல்லாவிட்டாலும் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பார்.

அவருக்குக் கம்பெனியில் பஃபிங் பிரிவு. எமரித்தாள் சுற்றிய உருளையில் தோலைக் கொடுத்துத் தேய்த்து எடுக்கும் வேலை. மாவு மாதிரித் தூள் பறக்கும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். அப்படியும் புருவம், காது, சட்டைக் காலர் எல்லாம் நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில் வீடு வந்து சேரும். தெருமுனையில் அவர் இருமுவது கேட்டதும் அம்மா டீக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். அதை நோய் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. அவருடைய சைக்கிள் மணியைப் போல அதுவும் ஒரு சத்தம்.

ஆறு மாதத்தில் கம்ப்யூட்டர் கொதிக்க ஆரம்பித்தது. விளையாட்டின் நடுவிலேயே அணைந்துபோகும். ஆன்லைன் போட்டி ஒன்றில் அப்படி அணைந்து தோற்றதும் அண்ணன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த ஊர்க் காற்றே சரியில்லை, தண்ணீர் என்றால் மூடிய குழாய்க்குள் ஓடும், வெளிக்காற்று அதைத் தொடாது என்பது அவன் கட்சி. அப்பா டீயை ஆற்றியபடியே சந்தேகம் கேட்டார்.

"லாரி ரேடியேட்டருக்கும் எதிர்ல ஃபேன் இருக்குதேடா. சூடான தண்ணிய இன்னா வெச்சு ஆறவைப்ப?"

லாரி வேறு, கம்ப்யூட்டர் வேறு என்று அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். தண்ணீர் ஜெயித்தது. இரண்டு கறுப்புக் குழாய்களும் ஒரு ரேடியேட்டரும் வந்து இறங்கின. அதன் முகத்தில் ஒன்றுக்கு இரண்டாக ஃபேன்கள் இருந்தன.

மூன்றே மாதம். மறுபடியும் கொதிப்பு. ஒரு சனிக்கிழமை அண்ணனும் நானும் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி வேலூருக்கு பஸ் ஏறினோம். லாங் பஜாரை ஒட்டிய சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஒரு பாயின் கடை. அவர் ரேடியேட்டரைக் கழற்றி, தகடுகளின் மேல் படிந்திருந்ததை இடுக்கியால் மெல்ல உரித்தார். முழுசாகக் கம்பளித் துண்டு போல வந்தது. நீலச் சாம்பல் நிறம். விரலில் தேய்த்து மோந்து பார்த்தார்.

"வீட்ல யாருப்பா பஃபிங்ல இருக்காங்க?"

எங்கப்பா என்று நான்தான் சொன்னேன், பெருமையாகவே. ஃபேன் வைத்தாலும் தண்ணீர் வைத்தாலும் இழுப்பது அதே அறைக் காற்றைத்தான், தூள் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் பாய். பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, ஊதிவிட்டு, திரும்பப் பூட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த அண்ணனுக்கு அப்பாவிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. என்னை அனுப்பினான். எனக்கு ஏதோ பதவி கிடைத்த மாதிரி இருந்தது. அறை வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா, நீங்க உள்ள வரக்கூடாது. உங்க தூள் மிஷினுக்கு ஆவாதாம்."

அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். குளித்துவிட்டு வந்தால் என்ன என்று கேட்டார். காதிலும் தலையிலும் இருக்குமாம், அப்போதும் வேண்டாமாம் என்றேன். அண்ணன் சொல்லிக் கொடுக்காததையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் அம்மா பக்கம் திரும்பி, "பாவம், மிஷினுக்கு மூச்சு முட்டுதாம்" என்றார். டீயை எடுத்துக்கொண்டு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் லாரி ஓட்டக் கேட்கவில்லை.

எட்டு வருடம் கழித்து வேலூரில் ஒரு டாக்டர் அப்பாவின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, எத்தனை வருஷமாக பஃபிங் என்று கேட்டார். அதற்குள் இன்ஜினியர் ஆகிவிட்டிருந்த அண்ணன், நுரையீரலைச் சுத்தம் செய்ய வழி உண்டா என்று கேட்டான். டாக்டர் விளக்கை அணைத்தார். அடுத்த மழைக்காலத்துக்கு அப்பா இல்லை.

சட்டையில் ஒட்டி வந்த தூள்தான் அந்த ரேடியேட்டரை அடைத்தது, அதுவும் தினம் அரை மணி நேரத்தில். அந்தத் தூளுக்குள்ளேயே நாள் முழுக்க நின்றவரைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் ஒரு கேள்வி வரவில்லை. பத்தொன்பது வயது அண்ணனுக்காவது தோன்றியிருக்க வேண்டும். அவன்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. என்மேல் அதைவிட ஜாஸ்தி.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சூட்டைப் பார்த்தான். தொண்ணூறைத் தாண்டிக்கொண்டிருந்தது அறுபத்திரண்டில் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலைவிட்டு நகராமல், வெளியே இருந்த அப்பாவிடம் சத்தமாகச் சொன்னேன். அவர் இருமிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி இருக்கச் சொன்னார். இருமி முடித்தபின் கேட்டார்.

"இப்ப நல்லா மூச்சு வுடுதா?"

"நல்லா வுடுதுப்பா" என்றேன். அவருக்கு மறுபடி இருமல் வந்தது. நான் உள்ளே ஓடி, தூள் வராதபடி கதவைச் சாத்தினேன்.