சொட்டுநீர்க் குழாய் போட்ட சூர்யநாராயணன்

விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி ரோட்டை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் எழுபத்தாறு வீடுகள். அதில் தமிழ் பேசும் வீடு ஒன்றே ஒன்று, அதிலும் ஒரே ஓர் ஆள். சூர்யநாராயணன் தேஹு ரோடு ஆயுதக் கிடங்கில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பட்டு காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. மகள் ஸ்நேஹா டொரண்டோவிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்வாள், பாதி ஆங்கிலம், பாதி அவசரம். மனிதருக்கு ஹிந்தி சரளம், மராத்தியும் மோசமில்லை. ஆனால் மனசில் கிடப்பதை எடுத்து வைக்க அவை இரண்டும் அவருக்கு உதவியதில்லை.

அதற்குத்தான் காலை ஆறரை மணி இருந்தது. தோட்டக்காரர் முகமது ரஃபீக் நம்மூர்க் கம்பத்துக்காரர், பேக்கரி வேலைக்கு வந்து எப்படியோ செடி கொடியில் ஒதுங்கியவர். குடியிருப்பின் நடுவிலிருந்த பெரிய புல்தரைக்கு ரப்பர் ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் விட அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஒன்றரை மணி நேரமும் சூர்யநாராயணன் காபி டம்ளரோடு பக்கத்திலேயே நிற்பார்.

"ரஃபீக், நேத்து ரசத்துல உப்பு போட்டேனா இல்லையான்னே ஞாபகமில்லே."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க சார். குடிச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரப் போகுது."

இவ்வளவுதான் பேச்சு. இதற்காகத்தான் அவர் விடியும்வரை காத்துக் கிடந்தார்.

அந்தக் கோடையில் மாநகராட்சியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. குடிநீரைப் புல்தரைக்கு விடக் கூடாது, மீறினால் அபராதம். புல்லைக் குறைத்து, வறட்சி தாங்கும் செடி வைத்து, சுத்திகரித்த கழிவுநீரைச் சொட்டுநீர்க் குழாயில் விட்டால் சொத்து வரியில் சலுகை. குடியிருப்புக் கூட்டத்தில் அதை முழுசாகப் படித்திருந்தவர் நம்மவர் ஒருவர்தான். அரசாங்கக் காகிதத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்கும் வியாதி கிடங்கில் பிடித்தது. எழுந்து நின்று விதி விதியாக விளக்கினார். எழுபத்தாறு வீட்டுக்காரர்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் நிம்கர், "காக்கா, நீங்களே முன்னே நின்று நடத்துங்கள்" என்றார். பெரியவர்களை மராத்தியில் அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதம் வெயிலென்றும் பாராமல் உழைத்தார். ரஃபீக்கும் அவரும் சேர்ந்துதான் குழாய்களை விரித்தார்கள், துளைகளை எண்ணினார்கள், தானாகத் திறந்து மூடும் டைமரைப் பொருத்தினார்கள். பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத மூன்று மாதம் அது. அவர் வாழ்க்கையில் அண்மையில் வந்த நல்ல காலம் என்றே சொல்லலாம்.

பிறகு படிவம் வந்தது. பதினோராவது கேள்வி: ஆள் நின்று ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுவது தொடர்கிறதா? ‘இல்லை’ என்றால்தான் சலுகை. உள்ளது உள்ளபடி எழுதியே பழகிய கை, ‘அறவே இல்லை’ என்று எழுதி, அடியில் கோடும் போட்டுக் கையெழுத்திட்டது. அந்த வரியில் தன் காலைப்பொழுதும் அடக்கம் என்பது, விதியை வரி விடாமல் படித்த அந்த மகானுபாவருக்குத் தோன்றவே இல்லை!

அதிகாரி வந்து பார்த்தார், பாராட்டினார், போனார். அடுத்த வாரமே நிர்வாகக் குழு, தினசரித் தோட்டக்காரர் இனி தேவையில்லை என்றது. சூர்யநாராயணன் பதறிக்கொண்டு ஓடினால், ரஃபீக் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"தளேகாவ்ல ஒரு பாக்டரியில கூப்பிட்டுட்டாங்க சார். தோட்டம் பூரா இந்தச் சொட்டுநீர் டிரிப்புதான். நீங்க கத்துக் குடுத்ததுதான். சம்பளமும் கூட, தங்க ரூமும் தர்றாங்க. நீங்க நல்லா இருக்கணும்."

"ரொம்ப சந்தோஷம் ரஃபீக்" என்றார். சந்தோஷம்தான், பொய்யில்லை. ஆனாலும் படியேறி வீட்டுக் கதவைச் சாத்தியதும் அழுதார்.

சலுகை கிடைத்த செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை, புதுச் செடிகளின் நடுவே சின்ன விழா நடந்தது. சால்வை போர்த்தினார்கள். "காக்கா, நாலு வார்த்தை பேசுங்கள். உங்கள் மொழியிலேயே பேசுங்கள், கேட்க அழகாயிருக்கும்" என்று நிம்கர் மைக்கைக் கையில் திணித்தார்.

சூர்யநாராயணன் சால்வையைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் தமிழில் சொன்னார்:

"எனக்குப் பேச ஒரு மனுஷன் இருந்தான். தினம் ஒன்றரை மணி நேரம். அவனை நானே கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சுட்டேன். அவன் நன்னா இருக்கான். நான்தான் இப்ப வாயைத் திறந்தே பதினெட்டு நாளாச்சு."

குரல் உடைந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நிம்கர் கண்கலங்கி அவரைக் கட்டிக்கொண்டார். "எவ்வளவு உருக்கம்! என்ன சொன்னீர்கள் காக்கா?"

"தண்ணீரை வீணாக்காதீர்கள் என்றேன்" என்றார் சூர்யநாராயணன், ஹிந்தியில். அதற்கும் கைதட்டினார்கள்.