நுரைக்காத சோப்பு

மூன்று வருடத்துக்கு முந்தைய சித்திரை மாதம். கரிக்கலாம்பாக்கத்தில், நெல் நின்ற வயலில் மனைக்கல் நிற்கத் தொடங்கியிருந்த ஒரு தெருவின் கடைசியில், புதிதாகக் கட்டிய ஷெட்டுக்கு முன்னால் நானும் என் நாத்தனாரும் நின்றுகொண்டிருந்தோம். வெயில் தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டு எங்களையே பார்த்தது. அன்று வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குப் போடப் பிடிக்கவில்லை. ஏன் என்று மட்டும் தெரியவில்லை.

எங்கள் தொழில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுவது. வில்லியனூர் பக்கம் ஒரு வாடகை வீட்டில் எட்டு வருடமாக ஓடியது. என்னையும் நாத்தனாரையும் சேர்த்து ஆறு பெண்களின் அடுப்பு அதில்தான் எரிந்தது. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இடம் கிடைக்காவிட்டால் தொழில் நிற்கும். தப்பான இடத்துக்குப் போனாலும் நிற்கும். ஒரு வாரம் மாவு சரியில்லை என்றால் கடைக்காரர் வேறு பாக்கெட்டுக்கு மாறிவிடுவார், அப்புறம் திரும்பிப் பார்க்க மாட்டார்.

நாத்தனார் படித்தவள். ஏழு இடம் பார்த்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு வைத்திருந்தாள். வாடகை, மும்முனை கரண்ட், வண்டி திரும்ப வழி, மதகடிப்பட்டுக் கடைகளுக்கு எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். இந்த ஷெட் எல்லாக் கட்டத்திலும் டிக் வாங்கியிருந்தது. எனக்கோ, முதல் தடவை பார்த்துவிட்டுப் போனதிலிருந்து நெஞ்சுக்குள் ஒரு கல் உருண்டுகொண்டே இருந்தது.

"மனசு சரியில்லன்னு சொன்னா நான் அத எந்தக் கட்டத்துல போடறது அண்ணி?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

நான் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஷெட்காரர். கறுப்புக் கண்ணாடி, சென்ட் வாசனை, வாய் ஓயாத பேச்சு. போன தடவை கேட்காமலே இளநீர் வெட்டிக் கொடுத்தார். இவ்வளவு இனிப்பாகப் பேசுகிறவர் எதையோ மறைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். பத்திரத்தை நீட்டியபோது முகத்துக்கு நேராகவே சொல்லியும் விட்டேன்.

"வேணாண்ணா. நீங்க எதையோ மறைக்கிறீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே இருந்தவை சாதுவான, களைத்த கண்கள். "நான் இன்னாம்மா மறைச்சேன்? சாவிய இந்தா புடி, மூலை மூலையா பாரு" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

நாத்தனாருக்கு அவமானமாகிவிட்டது. ஆனால் என்னைத் திட்டாமல் ஒன்று கேட்டாள். "அண்ணி, அன்னிக்கு உள்ள வந்ததுலருந்து ஒண்ணொண்ணா நடந்து காட்டுங்க. எந்த இடத்துல ஒரு மாதிரி ஆச்சு?"

நடந்தேன். கேட்டில் ஒன்றுமில்லை. கிரைண்டர் வைக்கப்போகும் அறையில், நல்ல காற்று, சந்தோஷமாகத்தான் இருந்தேன். பின்பக்கம் வந்தேன். இளநீர் பிசுக்குப் போகக் கை கழுவிய குழாய். அங்கே கால் தானாக நின்றது.

குழாயைத் திறந்து, அங்கிருந்த சோப்பை மறுபடி தேய்த்தேன். நுரை வரவில்லை. திரிதிரியாக வெள்ளையாய் விரலில் ஒட்டிக்கொண்டது. ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். லேசாக உப்பு. அன்றைக்கே என் கைக்குத் தெரிந்திருக்கிறது. கை சொன்னதை நான் காது கொடுத்துக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நாத்தனாரின் கட்டத்தில் "தண்ணீர்: போர்வெல் உண்டு" என்று இருந்தது. தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டிருந்தோம். எப்படிப்பட்ட தண்ணீர் என்று கேட்கவில்லை. எட்டு வருடமும் கொம்யூன் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரிலேயே அரைத்தவர்களுக்கு அந்தக் கேள்வியே தோன்றவில்லை.

"பாத்தியா!" என்று துள்ளினேன்.

"இருங்க. நுரை வரலன்னா மாவும் வராதுன்னு யாரு சொன்னா? அரைச்சிப் பாத்துட்டுப் பேசலாம்" என்றாள் அவள்.

ஷெட்காரரே ஒரு கேன் நிறையப் பிடித்து, தன் வண்டியில் வைத்து எங்கள் இடத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார். ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே கிரைண்டர். தண்ணீர் மட்டும் வேறு. இரண்டு பாத்திரம் பக்கத்தில் பக்கத்தில் மூடி வைத்தோம்.

விடிந்து மூடியைத் திறந்தபோது எங்கள் தண்ணீர் மாவு விளிம்பைத் தொட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று வைத்த இடத்திலேயே, பாதிப் பாத்திரத்தில், திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி கிடந்தது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். துக்கமில்லை. லாரி உரசிக்கொண்டு போன பிறகு வருமே, அந்த அழுகை. இன்னும் ஒரு கையெழுத்துத்தான் பாக்கி இருந்தது.

ஷெட்காரரும் முடிவு பார்க்க வந்துவிட்டார். இரண்டு மாவிலும் இட்லி ஊற்றி வைத்தோம். தன் தண்ணீர் இட்லியைப் பிட்டு, "இன்னாம்மா இது, செங்கல் மாரி கீது" என்றார். அந்த ஷெட் பக்கம் அவர் குடியிருந்ததே இல்லை. வந்தால் குடிக்கக் கேன் தண்ணீர். அவருக்கும் தெரியாது. மன்னிப்புக் கேட்டேன்.

"அது போவட்டும் உடு. நல்ல தண்ணி இட்லி இன்னும் ரெண்டு வை" என்று தட்டை நீட்டினார்.

வீட்டுக்காரர் இன்னும் பதினைந்து நாள் பொறுத்தார். அதற்குள் மதகடிப்பட்டு ஓரத்தில் ஓர் இடம் அமைந்தது. போனதும் நான் கேட்ட முதல் பொருள் சோப்பு. நுரை விரலிடுக்கில் பொங்கி வழிந்தபோது நாத்தனார் சிரித்துவிட்டாள். அவள் கட்டங்களில் இப்போது கடைசியாக ஒரு வரி உண்டு: "அண்ணிக்கு எப்படி இருக்கு?" சரியில்லை என்று நான் சொன்னால் அவள் விட்டுவிட மாட்டாள், "எங்க?" என்று கேட்பாள்.

என் மனசு அன்று பொய் சொல்லவில்லை. கதவைத் தட்டியது உண்மை. நான்தான் எழுந்து போய்ப் பார்க்காமல், வந்திருப்பது இன்னார் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு நல்ல மனிதரின் பெயரைச் சொல்லிவிட்டேன்.