இடது தோளில் ஒரு வலி

அக்கா போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தாடை வலிக்கிறது என்று பல் டாக்டரிடம் போனவள், காத்திருந்த நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு என்றார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்தான் மாரடைப்பு என்று நம்பியிருந்த குடும்பம் அது.

இருவரும் சேர்ந்து நடத்திய இஸ்திரிக் கடையில் இப்போது தங்கை மட்டும். அப்பாவும் ஐம்பதைத் தாண்டாமல் நெஞ்சுவலியில் போனவர். அக்காவுக்கு இருந்த சர்க்கரையும் பிரஷரும் இவளுக்கும் உண்டு. அடுத்தது யார் என்று தெரிந்துகொள்ள ஜோசியம் தேவையில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. வாயைத் திறந்து கேட்டால் அது உண்மையாகிவிடும் என்ற பயம்.

மழைக்காலத்தில் இடது தோள் வலிக்க ஆரம்பித்தது. படி ஏறினால் வரும், உட்கார்ந்தால் போய்விடும். தைலம் தேய்த்துக்கொண்டாள்.

"நாள் பூரா இஸ்திரிப் பெட்டியோட மல்லுக்கட்டினா தோள் வலிக்காம என்ன செய்யும்," என்றாள் கணவரிடம்.

கடையில் ஒத்தாசைக்கு வந்து, மடித்த சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "பெட்டி பிடிக்கிறது வலது கை. இடது கை சும்மா காலரைத் தடவிக்கிட்டு நிக்குது. உழைக்கிறவன் ஒருத்தன், ஒப்பாரி வைக்கிறவன் ஒருத்தனா?"

சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். பாதி தேய்த்த சட்டை மேஜையிலேயே கிடந்தது.

"உங்க அக்காவுக்குத் தாடையில வந்தது உங்களுக்குத் தோள்ல வந்திருக்கு," என்றார் ஆஸ்பத்திரியில் டெஸ்ட்டெல்லாம் பார்த்த டாக்டரம்மா. "பொம்பளைங்களுக்கு இப்படியும் வரும். நடந்தா வந்து, உட்கார்ந்தா போற வலியை நம்பாதீங்க. ரத்த சொந்தத்துல சின்ன வயசுலயே யாருக்காவது வந்திருந்தா, மத்தவங்களும் சீக்கிரமே பார்த்துடணும்."

இதய ரத்தக்குழாயில் இருந்த அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தும் பயம் விடவில்லை, இடம்தான் மாறியது. வெளியூரில் இருக்கும் அக்கா மகளுக்குப் போன் செய்தாள்.

"டெஸ்ட் எடுத்துடு கண்ணு."

"எனக்கென்ன வயசாச்சு சித்தி? சும்மா பயமுறுத்தாதீங்க."

போன் துண்டிக்கப்பட்டது. அப்புறம் அழைத்தாலும் எடுக்கவில்லை. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும், யார் என்ன சொல்லப்போகிறார்களோ என்று சித்தி பயந்துகொண்டே எடுப்பாள்.

அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. பெட்டி சூடாவதற்காகக் காத்திருந்தபோது ஒரு செய்தி வந்தது.

"சித்தி, பார்த்துட்டேன். பிரஷர் இருக்கு, கொழுப்பும் அதிகம். மாத்திரை ஆரம்பிச்சாச்சு. பயமாத்தான் இருக்கு. அம்மாவுக்குப் பயப்படக்கூட நேரம் கிடைக்கலையே."