கரும்பு வண்டி வரிசையில் ஒரு நடை

மூன்று வருடத்துக்கு முன்பு, மாசி மாதம், கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலை. கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்கும் மைதானம். அங்கே இருந்தது, டிராக்டர் ஓட்டும் நான். பின்னால் இன்னொரு டிராக்டரில் என் மச்சினன். டோக்கன் கொடுக்கும் வாட்ச்மேன். டிரைவர்களுக்கு பிரஷர், சர்க்கரை பார்க்க வந்த நர்ஸ்.

லோடு இறங்க இரண்டு நாள் ஆகும். அதுவரை சாப்பாடு, தூக்கம் எல்லாம் சீட்டிலேயே.

நர்ஸ் பிரஷர் பார்த்தார். கொஞ்சம் ஜாஸ்தி. நெஞ்சு வலி ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். நாலு நாளாக நெஞ்சில் ஒரு பாரம் இருந்தது. கேஸ் என்று நினைத்து அதைச் சொல்லவில்லை.

"தெனம் நடக்குறீங்களாண்ணா?"

"நான் கரும்பு வெட்டுன ஆளு. ஆபீஸ்ல உக்காந்துகினு இருக்கறவங்களுக்குச் சொல்லுங்க."

"எப்ப வெட்டுனீங்க?"

யோசித்துப் பார்த்தேன். வெட்டுவதை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த உடம்பே இன்னும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, வரிசை கடைசி வரைக்கும் எங்கூட வாங்க. கொஞ்சம் வேகமா. பேச வரணும், பாட வரக்கூடாது. அதான் வேகத்துக்கு அளவு."

"பாட்டா? மாமா பேசுறதே வருசத்துக்கு ரெண்டு தபாங்க" என்றான் மச்சினன். வாட்ச்மேன் சிரித்தார்.

நடந்தோம். மச்சினன் பின்னால் வந்தான். நர்ஸ் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார். பிள்ளைங்க எத்தனை என்றார். சொன்னேன். எந்த ஊர் என்றார். சொன்னேன். அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

"அவரு அப்பிடித்தாங்க. கண்டுக்காதீங்க" என்றான் மச்சினன்.

நர்ஸ் நின்றுவிட்டார். என் முகத்தையே பார்த்தார்.

"பேசப் புடிக்கலையாண்ணா, பேச முடியலையா?"

"முடியல" என்றேன்.

வேர்வையில் என் சட்டை நனைந்திருந்தது. அங்கேயே நிழலில் உட்கார வைத்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். ஆஸ்பத்திரியில் இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். லோடோடு ரோட்டில் போகும்போது மாரடைப்பு வந்திருந்தால் நான் மட்டும் செத்திருக்க மாட்டேன்.

டாக்டர் நடக்கச் சொன்ன பிறகு அந்த நர்ஸ் வீட்டுக்கு வந்தார். நடையை மெதுவாக ஏற்றி, வாரத்துக்கு நூற்றைம்பது நிமிடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். "பத்து பத்து நிமிசமா நடந்தாலும் கணக்குதாண்ணா" என்றார். காலண்டர் தாளில் எழுதி வைக்கிறேன்.

நான் பேசாமல் இருப்பதை அதுவரை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தர் கேட்டார், அதனால் உயிரோடு இருக்கிறேன். இப்போது எங்கே வலித்தாலும் வீட்டில் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன். நடையும் விடவில்லை. இந்த வாரம் இதுவரை நூற்றுப்பத்து நிமிடம்.