மூடியைத் திறக்காத சனிக்கிழமை

2009ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையில், சமையல் வேலை கேட்டு அஞ்சலாட்சி என் வீட்டுக்கு வந்தார். குடையை வாசலில் மடக்கி வைத்தவர், நிலைப்படியைத் தாண்டுவதற்கு முன்பே மூக்கைச் சுருக்கி முகர்ந்தார். “நேத்து வச்ச பருப்பு எங்கியோ கெடக்குதும்மா” என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். தேடிப் பார்த்தோம். அடுப்புக்குப் பின்னால் ஒரு கிண்ணம் இருந்தது. வேலை உண்டா இல்லையா என்று நான் சொல்வதற்குள் அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

பாகூர்ப் பக்கத்தில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்து, அரியாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் அவர். கணவர் அம்மாவாசை தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். மூச்சிரைப்பு முற்றியதும் வீட்டோடு தங்கிவிட்டார். அதன்பின் குடும்பம் அஞ்சலாட்சியின் கையை நம்பியே நடந்தது.

எதையும் நம்பாதவர் என்று அவரைப் பற்றிச் சொல்லலாம். முட்டையை நேராக வாணலியில் உடைக்க மாட்டார்; தனிக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து, பிறகுதான் ஊற்றுவார். மீன்காரம்மா “இப்பத்தான் கரைக்கு வந்துச்சு” என்றால், செவுளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “கரைக்கு வந்து மூணு நாளு ஆச்சுன்னு மீனே சொல்லுதே” என்பார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. என்னிடம் வருவதற்கு முன் கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை செய்தார். ஒரு விருந்தில், வெதுவெதுப்பாகவே ஆறு மணி நேரம் கிடந்த கறிக்குழம்பை ஒப்பந்தக்காரர் பரிமாறச் சொன்னார். நாற்பது பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆயின. பழி அஞ்சலாட்சியின் மேல் விழுந்தது. “கொதிக்கணும், இல்லன்னா ஜில்லுன்னு இருக்கணும். நடுவுல இருக்கிற எதையும் நான் நம்ப மாட்டேன்” என்று அடிக்கடி சொல்வார்.

அப்படிப்பட்டவரின் அடுக்களைக்குள்தான், பதினான்கு ஆண்டுகள் கழித்து, ஸ்லோ குக்கர் என்னும் அந்த மின்சாரப் பானை வந்தது.

கொண்டுவந்தவள் என் அண்ணன் மகள் பூர்ணிமா. மெக்சிகோவில் ஒரு கார்த் தொழிற்சாலையில் ஆறாண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2023ஆம் ஆண்டின் இறுதியில் என்னோடு தங்க வந்தாள். அந்நாட்டு முறையில் பன்றிக்கறியை நாள் முழுவதும் மெதுவாக வேகவைத்து, நூல் நூலாகப் பிரித்து, மக்காச்சோள ரொட்டிக்குள் வைத்து, வார இறுதிகளில் என் வீட்டிலிருந்தே விற்க வேண்டும் என்பது அவளுடைய திட்டம். கணினி வேலை தடைப்படக்கூடாது என்று வந்த முதல் மாதத்திலேயே இன்வெர்ட்டரும் வாங்கிப் பொருத்தினாள்.

முதல் ஒத்திகையின்போது நான் அடுக்களை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கமலா ஆரஞ்சின் சாற்றைக் கறியின் மேல் பூர்ணிமா பிழிந்தபோதே அஞ்சலாட்சியின் முகம் மாறிவிட்டது.

“கறில பழச்சாறா? ஜுரம் வந்தவங்களுக்கு ஆக்குறியா பாப்பா?”

“புளிப்புக்குத்தான் அக்கா. நீங்க புளி ஊத்த மாட்டீங்களா?”

அரை மணி நேரம் கழிந்தது. பானை அசையவில்லை; ஆவியும் வரவில்லை.

“இதுல கறி வேவாது. கொதியே காணம்.”

“கொதிக்கக் கூடாது. அதான் இதோட வேலையே. எட்டு மணி நேரம் சும்மா கிடக்கும். அப்புறம் முள்கரண்டியால தொட்டாலே பிரிஞ்சிடும்.”

“எட்டு மணி நேரத்துல நான் கடலூருக்குப் போயி ஒரு கல்யாணத்துல சாப்பிட்டுட்டே வந்துடுவேன்.”

“தாராளமாப் போயிட்டு வாங்க. மூடிய மட்டும் தொறக்காதீங்க. ஒரு தரம் தொறந்தா அரை மணி நேரச் சூடு போயிடும்.”

அன்று அவர் மூன்று முறை மூடியைத் திறந்தார். நான்காம் முறை திறந்தபோது பூர்ணிமா மாடியில் இருந்தாள். அவள் இறங்கி வருவதற்குள் கறி பிரஷர் குக்கருக்கு மாறி, ஆறு விசில் வந்திருந்தது. பூர்ணிமாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

“இன்னொரு தரம் இந்தப் பானையத் தொட்டீங்கன்னா நீங்க வேலைக்கே வர வேணாம் அக்கா.”

அஞ்சலாட்சி என்னைப் பார்த்தார். நான் பூர்ணிமாவின் பக்கம் திரும்பி அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

“தொடல. நீயா எறக்குற வரைக்கும் அது பக்கமே போவல. போதுமா?” என்றார்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, நண்பர்களும் உறவினர்களுமாக இருபது பேரை அழைத்துச் சுவை பார்க்கச் சொல்வதென்று முடிவாயிற்று. அவர்கள் ஒப்புக்கொண்டால் அடுத்த வாரமே வியாபாரத்தைத் தொடங்கிவிடலாம். சென்னையிலிருந்து பனிக்கட்டிப் பெட்டியில் மூன்று கிலோ தோள்கறி வந்தது. தோலும் கொழுப்பும் நீக்கிய கறி. காலை ஏழு மணிக்கு உப்பு, சீரகம், பூண்டு, மிளகாய் விழுது, ஓரிகானோ இலை எல்லாவற்றையும் பூசி, பழச்சாறு ஊற்றிப் பானையை மூடிப் பொத்தானை அழுத்திவிட்டு, எட்டரை மணிக்குப் பூர்ணிமா தட்டாஞ்சாவடிக்குப் புறப்பட்டாள். சோள ரொட்டியை அழுத்தித் தட்டுவதற்கான இரும்புப் பலகையை அங்கே ஒரு பட்டறையில் செய்யக் கொடுத்திருந்தாள். அது உடனே கிடைக்கவில்லை. அவள் திரும்பியபோது ஆறு மணியாகிவிட்டது.

நான் அன்று முழுவதும் மாடி முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே படித்துக்கொண்டிருந்தேன். இரண்டேகால் மணியளவில் தெருவைப் பார்த்தபோது, அஞ்சலாட்சி கனமான துணிப்பையோடு கேட்டைத் திறந்து வெளியேறினார். இரு பக்கமும் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி வீட்டையும் ஒருமுறை பார்த்தார். நான்கு மணிக்கு அதே பையோடு திரும்பி வந்தார். கணவருக்கு உணவு கொடுக்கப் போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். ஆயினும் அவர் திரும்பிப் பார்த்த பார்வை என் நினைவில் தங்கிவிட்டது.

மாலை வந்தவர்கள் வயிறார உண்டார்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்கியவர்களும் உண்டு. பூர்ணிமா மட்டும் தட்டிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு என்னருகே வந்து மெல்லச் சொன்னாள்.

“அத்தை, இது நான் வச்ச கறி இல்ல. நான் வச்சதுல தோலே கிடையாது.”

அந்தப் பையைப் பற்றி அவளிடம் சொன்னவள் நான்தான். மறுநாள் காலையில், காப்பி ஆற்றியபடியே சொன்னேன். என் வாயிலிருந்து அச்சொற்கள் வருவதற்கு முன் அது வெறும் பை. வந்த பிறகு அது சான்று.

அன்று ஞாயிற்றுக்கிழமை, அஞ்சலாட்சிக்கு விடுமுறை. பூர்ணிமா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பத்துக்கே போய்விட்டாள். அஞ்சலாட்சியின் தெருமுனையில் ராஜாங்கம் என்பவர் பன்றிக்கறிக் கடை வைத்திருக்கிறார். ஞாயிறு காலையில் அங்கே கூட்டம் நிற்கும். நடந்ததைப் பூர்ணிமாவும், பின்னாளில் ராஜாங்கமும் சொல்லக் கேட்டே எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு நடுவே பூர்ணிமா கேட்டாள். “அஞ்சலாட்சி அக்கா நேத்து உங்ககிட்ட கறி வித்தாங்களா?”

“விக்கிறதுக்கு அது பண்ணியா வளக்குது?” என்றார் ராஜாங்கம். “மத்தியானம் வந்து வாங்கினு போச்சு. மூணு கிலோ. தோலோட.”

“அப்ப நான் வச்சிருந்த நல்ல கறி எங்க போச்சு?”

சத்தம் கேட்டு அஞ்சலாட்சி வீட்டிலிருந்து வந்து நின்றார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“பானை அதுவா நின்னுபோச்சு பாப்பா. ரெண்டு மணி ஆயும் வாசனையே காணமேன்னு பாக்குறேன், வெளக்கு எரியல. தொட்டா வெதுவெதுன்னு இருக்குது, கறி செவப்பாவே கெடக்குது. அத்த இருபது பேருக்குப் போடச் சொல்றியா? வாய்க்கா ஓரத்துக் குப்பையில கொட்டிட்டு, இங்க வந்து என் காசுல வாங்கினு போயி ஆக்குனேன்.”

“கரண்ட் போகவே இல்லையே. அத்தை நாள் பூரா ஃபேனுக்குக் கீழதான் இருந்தாங்க.”

“ஃபேன் ஓடுச்சு. நானும் பாத்தேன். பானை ஓடல.”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

“பண்ணியிருந்தா, நான்தான் நிறுத்துனேன்னு சொல்லியிருப்ப.”

கூட்டத்தில் ஒருவர், “மூணு கிலோ கறி வாய்க்காலுக்கா? எலிங்க குடுத்து வச்சதுங்கப்பா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை அவர் வழக்கம்போல் ஏழு மணிக்கு வந்தார். பூர்ணிமா அவர் கண்ணெதிரே பானையில் தண்ணீர் ஊற்றி, மின்செருகியைப் பொருத்தி, பொத்தானை அழுத்தினாள். எண்கள் ஒளிர்ந்தன. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் சுட்டது. பானையில் எந்தப் பழுதும் இல்லை.

அஞ்சலாட்சி பானையை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்களும் அப்பிடித்தான் நெனைக்கிறீங்களாம்மா?”

“பையை நான் பார்த்தேன், அஞ்சலாட்சி” என்றேன்.

பின்கதவுச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து வந்த நாள்களில் என் மனம் செய்த வேலையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பதினான்கு ஆண்டுகளாக அவர் எடுத்துச் சென்ற பைகளையெல்லாம் நினைவில் நிறுத்திக் கனம் பார்த்தேன். காணாமற்போன ஒரு வெள்ளிக் கரண்டி நினைவுக்கு வந்தது. அதை நானே வங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்தேன் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. அப்போதும் என் ஐயம் குறையவில்லை. வேறொரு பொருளைத் தேடிக்கொண்டு போயிற்று.

இரண்டாம் வாரம், பக்கத்து வீட்டுத் தையற்காரர் ஜஹபர் நிஷா என் ரவிக்கைகளைக் கொண்டுவந்தார். நாள் தவறாதவர், இம்முறை தாமதித்திருந்தார்.

“கோச்சிக்காதீங்க டீச்சரம்மா. அந்தச் சனிக்கெழம கெட்டது, அதுலேருந்து எல்லாம் தள்ளிப்போச்சு. ஒம்பது மணிக்குப் போன கரண்ட் ரெண்டு மணிக்குத்தானே வந்துச்சு. மெஷின் ஓடவே இல்ல.”

“எந்தச் சனிக்கிழமை?”

“உங்க வீட்டுல விருந்து நடந்துச்சே, அன்னிக்குத்தான். ஏதோ மராமத்து வேலைன்னு பேப்பர்லகூட போட்டிருந்தானே.”

“எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடியதே, நிஷா.”

அவர் சிரித்தார். “இன்வெர்ட்டர் வச்சிருக்கிறவங்களுக்குக் கரண்ட் போறது எங்க தெரியப்போவுது?”

அவர் போனதும் பூர்ணிமாவை அழைத்து, மின்சாரத்தின் முதன்மை விசையை அணைக்கச் சொன்னேன். அணைத்தாள். விளக்கு எரிந்தது, மின்விசிறி சுழன்றது. அடுக்களைக்குள் போய்ப் பானையின் பொத்தானை அழுத்தினாள். எதுவும் ஒளிரவில்லை. மின்சாரத்தை அதிகம் இழுக்கும் பொருள்களுக்கான அந்தப் பெரிய சுவர்ச் செருகுவாயை இன்வெர்ட்டரோடு இணைக்கவில்லை என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். விசையை மறுபடி போட்ட பிறகும் பானை தானாகத் தொடங்கவில்லை, பொத்தானுக்காகக் காத்திருந்தது. தொடக்கூடாது என்று நாங்கள் விதித்திருந்ததால், அஞ்சலாட்சி இரண்டு மணிவரை அதன் அருகே போகவில்லை. அவருடைய இயல்புப்படி ஒருமுறை மூடியைத் திறந்திருந்தால், ஒன்பதரை மணிக்கே எல்லாம் தெரிந்திருக்கும்.

பூர்ணிமா கைப்பேசியில் அழைத்தாள். அவர் எடுக்கவில்லை. மறுநாள் ஆட்டோ பிடித்து நானே அரியாங்குப்பத்துக்குப் போனேன்.

அவர் அதற்குள் ஒரு கல்லூரி விடுதிச் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். எனக்கு நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி, “தவறு எங்களுடையது, அஞ்சலாட்சி” என்றேன். உள்ளே படுத்திருந்த அம்மாவாசை, “கரண்டா? நான் அன்னிக்கே சொன்னேன், கரண்டாத்தான் இருக்கும்னு” என்றார்.

“நீ சொன்னது, பானைக்குப் பேய் புடிச்சிருக்கும்னு” என்றார் அஞ்சலாட்சி.

பிறகு என்னிடம் தெருவைப் பற்றிச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின், எதிர்வீட்டு வளைகாப்புக்குச் சமைக்க அவரிடம் சொல்லியிருந்தவர்கள், “நாங்களே பாத்துக்கிறோம்” என்று சொல்லிவிட்டார்கள். முன்பெல்லாம் விசேஷ வீடுகளில் பொருள் அறைக்கு அவரைத்தான் காவல் வைப்பார்கள். போன வாரம் ஒரு வீட்டில், அவர் அந்த அறைக்குள் போனபோது கூடவே ஒரு பெண்ணும் போய் நின்றாளாம்.

“வேலைக்குத் திரும்பி வா. சாவியைக் கொண்டுவந்திருக்கிறேன்” என்றேன்.

“வாணாம்மா. உங்களுக்கும் என் பையப் பாக்காம இருக்க முடியாது. எனக்கும் நீங்க பாக்குறீங்களான்னு பாக்காம இருக்க முடியாது.”

அவருக்குக் கொடுக்க வேண்டிய கறியின் விலையை நீட்டினேன். அதை வாங்கிக்கொண்டார். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். அப்போது அவர் கேட்டது ஒன்றுதான்; அதன்பின் இன்றுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை.

“வர்ற ஞாயித்துக்கெழம எட்டு மணிக்கு ராஜாங்கம் கடையில கூட்டம் இருக்கும். பாப்பாவ அங்க வரச் சொல்லுங்க. அன்னிக்கு எவ்ளோ சத்தமா கேட்டுச்சோ, அவ்ளோ சத்தமா, அக்கா எடுக்கலன்னு சொல்லட்டும். நீங்களும் பக்கத்துல நில்லுங்க.”